தடுப்புக்கு அந்தப் பக்கம்

நெஜ்லாவின் ஆய்வுக்கூடத்தை அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பாதியாக அறுத்தார்கள்.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே பள்ளியின் பெயர்ப்பலகை மாறிவிட்டது. சாதாரண அரசு மேல்நிலைப் பள்ளி, அரசின் சமயப் பள்ளியாகியது. கால அட்டவணைக்குள் குர்ஆனும் அரபியும் வந்து உட்கார்ந்தன. உயிரியல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. பையன்கள் நண்பகல் தொழுகைக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்குத்தான் இடமில்லை.

"மாடியில உங்க ஆய்வுக்கூடம் பெரிசாத்தானே இருக்கு, நெஜ்லா ஹானிம்?" என்றார் தலைமையாசிரியர் வெஹ்பி பே; அந்த ஊரில் பெண்ணுக்கு 'ஹானிம்', ஆணுக்கு 'பே' என்பது மரியாதை. மேலிடத்திலிருந்து வந்த எந்த உத்தரவையும் தன் சொந்த யோசனை போலச் சொல்லிப் பழகியவர்.

"பெரிசா இருக்கறதாலதான் அது ஆய்வுக்கூடம், வெஹ்பி பே. சின்னதா இருந்தா அலமாரின்னு சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்தார். மறுவாரம் தச்சன் வந்தான். மரப்பலகைத் தரைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு எழும்பியது. அந்தப் பக்கம் பச்சைக் கம்பளம் விரித்துப் பெண்களின் தொழுகை அறை. இந்தப் பக்கம் கழுவுதொட்டிகளும் நுண்ணோக்கிகளும் நெஜ்லாவும், பிறகு ராகிப் பேயும்.

ராகிப் பே என்பது எலும்புக்கூடு. நெகிழியில் செய்ததல்ல, அசல். நெஜ்லா அந்தப் பள்ளிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வாங்கிப் போட்டது. எப்போதோ ஒரு வகுப்பு, தங்கள் ஒல்லியான வரலாற்று ஆசிரியரின் பெயரை அதற்கு வைத்துவிட்டது. அந்த ஆசிரியர் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் தங்கிவிட்டது. மண்டையோட்டின் உச்சியில் திருகிய கொக்கியில், சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியில், வகுப்பைப் பார்த்தபடி அது தொங்கும்.

முதலில் வந்து சொன்னவள் ஸெலிஹா. பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிப்பவள், எதற்கும் எளிதில் மிரளாதவள்.

"டீச்சர், நாங்க ருகூவுக்குக் குனியறப்ப அந்தப் பக்கம் எலும்பு சத்தம் போடுது."

"போடாம என்ன செய்யும்? மரத்தரை. நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல குனிஞ்சா பலகை அதிரும். தாங்கி ஆடும்."

சொன்னதோடு விடாமல் அன்றே வகுப்பில் செய்தும் காட்டினாள். பாதி மாணவர்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பி ஒன்றாகக் குதிக்கச் சொன்னாள். ராகிப் பேயின் விரலெலும்புகள் தொடையெலும்பில் பட்டுக் கடகடவென்றன. வகுப்பு முழுவதும் சிரித்தது. "அதிர்வு எப்படிக் கடத்தப்படுதுன்னு நாளைக்கு எழுதிட்டு வாங்க" என்று வீட்டுப்பாடமும் கொடுத்தாள். விஷயம் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

சில நாள் கழித்து ஸெலிஹா மறுபடி வந்தாள். இந்தத் தடவை தனியாக வரவில்லை. கூட இரண்டு பெண்கள், ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு.

"எழுதினோம் டீச்சர். ஆனா அது சரியில்ல."

"எது சரியில்ல?"

"சத்தம் நாங்க குனிஞ்சப்புறம் வரணும்ல? முன்னாடி வருது. நான்தான் நடுவுல நின்னு 'அல்லாஹு அக்பர்' சொல்லுவேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வருது. எங்களுக்கு முன்னாடி அது குனியுது."

நெஜ்லா அவர்களை அனுப்பிவிட்டு ராகிப் பேயைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், அது வகுப்பைப் பார்த்து நிற்கவில்லை. சன்னல் மூலையை நோக்கித் திரும்பியிருந்தது. காலையில் அவளே அதை நேராக நிறுத்தியிருந்தாள்.

திருப்பி வைத்தாள். சக்கரத்துக்குக் கீழே மரச்சில் செருகினாள். போகும்போது பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அது மறுபடி மூலையைப் பார்த்தது. மரச்சில்லுகள் இருந்த இடத்தில் இருந்தன. தாங்கி நகரவில்லை, கொக்கியில் எலும்பு மட்டும்தான் திரும்பியிருந்தது. குளிரில் இரும்பு சுருங்கும், கொக்கியின் மரை தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் விட்டாள். அந்த வாரம் முழுவதும் அது ஒரே மூலையைத்தான் பார்த்தது.

அந்தத் திசைக்குப் பெயர் சொன்னவன் முஹ்சின். சமயப் பாட ஆசிரியன், கருங்கடல் கரைக்காரன், வயதில் அவளைவிடப் பத்துப் பதினைந்து சிறியவன். இந்த ஊர்த் தேநீர் வாயில் வைக்க விளங்காது என்று ஊரிலிருந்தே இலை கொண்டுவந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பான். எல்லோரும் நெஜ்லாவை 'ஹானிம்' என்று மரியாதையாகத் தள்ளி வைத்தபோது அவன் மட்டும் வந்த முதல் நாளே 'அக்கா' என்றான். அவளுக்கு அது முதலில் பிடிக்கவில்லை.

கம்பளத்தில் தொழுகைத் திசைக்கு ஒட்டிய வெள்ளை நாடா உரிந்துவிட்டதென்று சரிசெய்ய மாடிக்கு வந்தவன், ஆய்வுக்கூட வாசலில் நின்றுவிட்டான்.

"அக்கா, இதை யார் இப்படித் திருப்பி வெச்சது?"

"யாரும் வெக்கல. அதுவா திரும்புது. மரை தளர்ந்திருக்கு."

"சரியா கிப்லாவைப் பாத்துல்ல நிக்குது. நான் நாடா ஒட்டக் கருவி வெச்சுப் பாக்க வேண்டியிருந்துச்சு. உங்க மரைக்குக் கருவி தேவைப்படல."

"கேலி பண்ணாதீங்க."

"நான் கேலி பண்ணல, அக்கா" என்றான். உண்மையில் அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுநாள் நண்பகல் நெஜ்லா சாப்பிடப் போகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். வெளியே எர்கெனே ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி சன்னல் கண்ணாடியில் வெள்ளைத் துணி போல ஒட்டியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வந்து நிற்கும் சலசலப்பு, பிறகு அமைதி. யாரும் இருமக்கூட இல்லை.

ராகிப் பேயின் கைகள் அசைந்தன.

தாங்கி ஆடவில்லை. பலகை அதிரவில்லை. இரண்டு கைகளும் மெதுவாக முன்னால் வந்து, விரலெலும்புகள் முழங்காலைத் தேடுவது போல இறங்கின. கொக்கி மண்டையோட்டைப் பிடித்திருந்ததால் தலை குனிய முடியவில்லை. முதுகெலும்பு மட்டும் வளைந்து, இழுபட்டு நின்றது. விரல்கள் எட்டவேண்டிய இடத்தை எட்டாமல் தொடையில் பட்டுக் கடகடவென்றன. அதற்குப் பிறகுதான் ஸெலிஹாவின் குரல் கேட்டது. அதற்கும் பிறகுதான் பலகை அதிர்ந்தது.

நெஜ்லாவுக்கு அப்போது தோன்றியது பயம் இல்லை, பயம் பிறகு வந்தது. அந்தக் கொக்கி வலிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது.

இதற்குள் கதை வீடுகளுக்குப் போய்விட்டது. ஒருத்தி தொழுகையில் மயங்கி விழுந்தாள். இன்னொருத்தியின் தகப்பன் வந்து, சமயப் பள்ளியில் பிணத்தைத் தொங்கவிட்டிருக்கிறீர்களே என்று சத்தம் போட்டான். வேறொருத்தியின் தாய் வந்து, எலும்பைப் பார்த்தே பயப்படுகிற பிள்ளை எப்படி மருத்துவம் படிப்பாள், எல்லாம் இந்தத் தொழுகை அறையால் வந்தது என்றாள். வெஹ்பி பே இருவருக்கும் "நீங்க சொல்றது நியாயம்" என்று சொல்லி அனுப்பினார். பிறகு நெஜ்லாவையும் முஹ்சினையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துடலாம்" என்றார். "இல்லேன்னா பாதாளக் கிடங்குல போட்டுடலாம். நெகிழியில ஒண்ணு கேட்டு எழுதறேன்."

"கிடங்குலயா?" என்றான் முஹ்சின். "மனுஷனைப் பழைய நாற்காலி மாதிரி பேசறீங்களே. அடக்கம் பண்ணணும்."

"அது பாடக் கருவி" என்றாள் நெஜ்லா. தான் கண்ணால் கண்டதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "எத்தனை டாக்டருங்க அதைத் தொட்டுப் பாத்துப் படிச்சிருக்காங்க. நீங்க பாடத்தைக் குறைச்சீங்க, ரூமை அறுத்தீங்க. இப்ப இதையும் எடுத்துட்டுப் போறீங்க."

"நான் உங்ககிட்டேருந்து எடுக்கல, அக்கா. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கச் சொல்றேன்."

"அவர் இல்ல. அவ."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"அது பொண்ணு. இடுப்பெலும்பைப் பாத்தாலே தெரியும். இருபது வயசு இருக்கும், கடைசிக் கடவாய்ப் பல் அப்பத்தான் முளைச்சிருக்கு. இடது மணிக்கட்டு ஒரு தடவை முறிஞ்சு கூடியிருக்கு. வந்த புதுசுல வகுப்புல சொன்னேன். பையன்க பேசின பேச்சுல அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். ராகிப் பேயாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெஹ்பி பே கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றாள். "தாங்கியோட அடியில பித்தளைத் தகடு இருக்கு. கல்கத்தான்னு போட்டிருக்கு. அந்தக் காலத்துல உலகத்துக்கே எலும்பு அங்கேருந்துதான் கப்பல்ல வரும். இந்தியாவுல எந்த மூலையிலேருந்து வந்தாளோ. எரிக்க வேண்டியவளா இருந்தா? நீங்க பாட்டுக்குப் பாத்திஹா ஓதிப் புதைப்பீங்களா?"

"இந்தியாவுல முஸ்லிம்களும் இருக்காங்க" என்றான் முஹ்சின். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச மரியாதை இது ஒண்ணுதான், அக்கா. தப்பான வீட்டுக்கு அனுப்பினா, சரியான வீட்டுல சேர்க்க அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

நெஜ்லாவின் நினைவில் அந்த விரல்கள் முழங்காலைத் தேடின.

"ஒரு நிபந்தனை" என்றாள் கடைசியில். "அடக்கம் பண்றதுக்கு முன்னாடி ஒரு பாடம் நடத்துவேன். எல்லா எலும்பும், கையில கொடுத்து. நீங்களும் வந்து உக்காரணும். பாதியில எழுந்திருக்கக் கூடாது."

"உக்கார்றேன். பாடம் முடிஞ்சதும் புள்ளைங்க ஒரு பாத்திஹா ஓதட்டும். நீங்களும் பாதியில வெளிய போகக் கூடாது."

அப்படித்தான் நடந்தது. கம்பிகளை வெட்டி, எலும்புகளை வெள்ளைத்துணி விரித்த நீள மேசையில் அடுக்கினாள். ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு எலும்பைக் கையில் வாங்கி, பெயர் சொல்லி, அது என்ன வேலை செய்தது என்று சொல்லித் திருப்பி வைத்தார்கள். பையன்களிடமிருந்து ஒரு கேலியும் வரவில்லை. முஹ்சின் கையில் மணிக்கட்டு எலும்பு வந்தது. முறிந்து கூடிய இடத்தை அவன் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு ஓதினார்கள். நெஜ்லாவுக்குச் சொற்கள் சின்ன வயதிலிருந்தே தெரியும், உதடு மட்டும் அசையவில்லை. ஆனால் வெளியே போகவுமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பெண்ணின் உடலைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். ஊரில் மையித்துகளைக் குளிப்பாட்டுகிற அம்மாளிடம் முஹ்சின் போய்க் கேட்டான். "நான் குளிப்பாட்டுறது ஆளுங்களை. கொக்கியில தொங்கிட்டு இருந்ததை என்னால தொட முடியாது, போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எலும்பைக் குளிப்பாட்டறது கட்டாயமில்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க" என்றான் முஹ்சின், ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே. "அப்படியே பொதிஞ்சு வெச்சிடலாம். ஆனா எனக்கு மனசு ஒப்பல."

"எப்படிச் செய்யணும்னு சொல்லிக் கொடுங்க. நான் செய்யறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு அவளைத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

பள்ளி விட்ட பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். நெஜ்லா உள்ளே, கதவு சாத்தியிருந்தது. முஹ்சின் வெளியே தாழ்வாரத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். அவள் செய்துவிட்டு, முடிந்தது என்று குரல் கொடுக்கவேண்டும்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும். முதல்ல வலது கை."

அவள் வலது கையின் எலும்புகளைத் தொட்டியில் வைத்து ஊற்றினாள். இத்தனை வருஷம் சுட்டுகோலால் தட்டித் தட்டிக் காட்டிய எலும்புகள். ஈரம் பட்டதும் பழுப்பு நிறம் இளகி, தேன் நிறமாகத் தெரிந்தது. முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் எழும்பவில்லை.

"சரி. இப்ப முகம்" என்றான் வெளியிலிருந்து.

மண்டையோட்டிலிருந்து கொக்கியின் திருகைக் கழற்றினாள். அது சுலபமாக வந்துவிட்டது. துளைக்குள் தண்ணீர் போய் ஒரு மூச்சு விடுவது போலச் சத்தம் கேட்டது. இடது காலின் சுண்டுவிரலில் யாரோ ஒரு காலத்து மாணவன் தொலைத்ததற்குப் பதிலாக ஒட்டிய மெழுகுத்துண்டு இருந்தது. அதை நகத்தால் பெயர்த்து எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் வெளியே போகாமல் அழுதாள்.

"நல்லது. இப்ப இடது பக்கம்."

ஒவ்வொன்றும் முடிகிற சரியான நேரத்தில் அவன் அடுத்ததைச் சொன்னான். கடைசியில் கபன் துணியில் பொதிந்து முடிச்சிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள். சன்னலில் மூடுபனி சாம்பல் நிறமாகியிருந்தது.

"அல்லாஹ் ஏத்துக்குவான், அக்கா" என்றான். "நீங்க ஒவ்வொண்ணுக்கும் தவறாம பதில் குடுத்தீங்க. இல்லேன்னா உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

நெஜ்லா கதவின் கைப்பிடியை விடவில்லை.

"ஆனா அது நம்ம பாஷை இல்லையே. உங்க அம்மா வழி பாஷையா? அவங்க பல்கேரியா மலைப்பக்கம்னு சொல்லியிருக்கீங்க."

"என்ன சொன்னேன்?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்தான். 'ஆச்சு.' மெதுவா, 'ஆச்சு'ன்னு. அர்த்தம் தெரியல. குரல் போன போக்குலயே புரிஞ்சுது." அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "குரல்கூட வேற மாதிரி இருந்துச்சு. அழுதீங்களோன்னு நினைச்சேன்."

அவளுடைய தாயின் மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை. அறைக்குள் மேசைமேல் வெள்ளைப் பொதி அசையாமல் கிடந்தது.

"ஆமா" என்றாள் நெஜ்லா. "அம்மாவோட பாஷைதான்."

மறுநாள் காலை, வகுப்பு தொடங்குமுன், யாருமற்றவர்களைப் புதைக்கிற மூலையில் குழி தயாராக இருந்தது. மூடுபனியில் கபரஸ்தானின் மதில் தெரியவில்லை. வெஹ்பி பே நீளக் கோட்டுடன் வந்திருந்தார். சில ஆசிரியர்கள், பின்னால் தள்ளி ஸெலிஹாவும் சில பெண்களும். நெஜ்லா ஆண்களுக்கு நடுவே, பொதி வைத்த பெட்டியின் அருகில் நின்றாள். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

தொழுகை முடிந்து முஹ்சின் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "இவங்களை நீங்க எப்படி அறிவீங்க?"

'நல்லவராக அறிவோம்' என்று கூட்டம் சேர்ந்து சொல்லவேண்டிய இடம் அது. யாருக்கும் வாய் வரவில்லை. அறியாதவளைப் பற்றி எப்படிச் சொல்வது?

"நல்லா தெரியும்" என்றாள் நெஜ்லா.

"உங்களுக்கு அவங்க தரவேண்டிய கடன் ஏதும் இருந்தா, மன்னிச்சு விட்டீங்களா?"

"அதை எங்ககிட்ட கேக்காதீங்க, முஹ்சின். நாங்கதான் அவகிட்ட கேக்கணும்."

வெஹ்பி பே காலை மாற்றி வைத்தார். முஹ்சின் ஒரு கணம் குழம்பினான். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

"நீங்க எங்களை மன்னிச்சீங்களா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பனிக்குள் எங்கோ ஒரு காகம் கத்தி நின்றது. முஹ்சின் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு எதையோ கேட்டவன் போல, அல்லது கேட்காமல் விட முடிவு செய்தவன் போல, மண்வெட்டிக்குக் கை நீட்டினான்.

அதன் பிறகு தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. நெஜ்லா தொழத் தொடங்கிவிடவில்லை. முஹ்சினும் உயிரின் தோற்றம் பற்றிய பாடம் வந்தபோது அவளோடு ஆசிரியர் அறையில் மணிக்கணக்காகச் சண்டை பிடித்தான். சண்டை நடக்கும்போதே தேநீரும் ஊற்றிக் கொடுத்தான். வெஹ்பி பே கீழ்த்தளத்தில் ஒரு அறையைக் காலி செய்து, தொழுகையை அங்கே மாற்றிக்கொள்ளலாம், தடுப்பை எடுத்துவிடலாம் என்றார். நெஜ்லா சந்தோஷப்பட்டாள். ஸெலிஹாதான் வந்து மறுத்தாள்.

"நாங்க மேலேயே தொழறோம் டீச்சர்."

"பயந்தீங்களே?"

"இப்பவும் பயம்தான். ஆனா நாங்க கீழ போயிட்டா இங்க துணைக்கு யாரும் இல்லாம போயிடும்ல?"

யாருக்கு என்று நெஜ்லா கேட்கவில்லை. தச்சனைக் கூப்பிட்டுத் தடுப்பின் நடுவில் ஒரு கதவு வைக்கச் சொன்னாள். இப்போது நண்பகல் தொழுகை முடிந்ததும் பெண்கள் அந்தக் கதவு வழியாகவே, காலுறையோடு, சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு உயிரியல் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். கடைசியாக வருகிறவள் கதவை உடனே சாத்துவதில்லை. பின்னால் இன்னும் ஒருத்தி வரவேண்டியிருப்பது போலக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பாள். நெஜ்லா சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சாத்தும்வரை பாடத்தை ஆரம்பிக்காமல் இருப்பாள்.